மேற்கு மத்தியதரைக் கடல் கப்பல் பயணம்: துறைமுக நகரங்களில் ஒரு பகலில் எதைப் பார்ப்பது?

சேலம் சுந்தரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் பார்சிலோனாவில் கப்பலேறி, மார்செய், ஜெனோவா, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ், பலெர்மோ ஆகிய துறைமுகங்களைத் தொட்டு, ஒரு நாள் முழுவதும் கடலிலேயே கழித்து, மீண்டும் பார்சிலோனாவுக்குத் திரும்பும் ஏழு இரவுப் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். நானும் கணவரும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும், என் பெற்றோரும் செல்கிறோம். அப்பாவுக்கு எழுபதைக் கடந்த வயது. மூட்டு வலி இருப்பதால் தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் நடக்க இயலாது.

கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாக்களின் கட்டணத்தை ஐந்து பேருக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், பயணச் சீட்டின் விலையில் பெரும்பகுதியை எட்டிவிடுகிறது. எல்லா ஊர்களிலும் அதையே வாங்க வேண்டுமா, நாங்களாகவே இறங்கிச் சுற்றிப் பார்க்க முடியுமா? ரோம் நகரத்துக்கு அருகில் சென்றுவிட்டுப் பார்க்காமல் திரும்புவது சரியா என்ற கேள்வியும் வீட்டில் ஓயாமல் எழுகிறது. விசா பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய மாலுமி எழுதியது:

சகோதரி, நான் பல ஆண்டுகள் இந்தக் கடற்பகுதியில் கப்பலில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். பயணத் திட்டத்தில் அச்சிட்டிருக்கும் ஊர்ப் பெயர்களை நம்பாதீர்கள்; கப்பல் எந்தத் துறையில் அணைகிறது என்பதை வரைபடத்தில் பாருங்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே விடை இருக்கிறது.

ஜெனோவாவில் பயணியர் முனையத்தை விட்டு வெளியே வந்தால் பியாஸ்ஸா பிரின்சிப்பே ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. பழைய நகரம் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது. நேப்பிள்ஸில் கப்பல் கிட்டத்தட்ட ஊருக்குள்ளேயே வந்து நிற்கும். 13ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய காஸ்தெல் நுவோவோ கோட்டையின் கோபுரங்களை மேல்தளத்தில் நின்றபடியே பார்க்கலாம், இறங்கினால் எதிரே மெட்ரோ நிலையம். பலெர்மோவும் அப்படித்தான். இந்த மூன்று ஊர்களிலும் கப்பல் நிறுவனத்தின் பேருந்துக்குப் பணம் கொடுப்பதற்கு, அப்பாவின் கால் வலியைத் தவிர வேறு காரணம் இல்லை.

பார்சிலோனாவிலும் மார்செயிலும் நிலைமை வேறு. பார்சிலோனாவில் பெரிய கப்பல்கள் அணையும் நீண்ட அலைத்தாங்கிக் கரையிலிருந்து கொலம்பஸ் தூண் வரை பேருந்து ஓடுகிறது, அதில் ஏறிவிட்டால் சிக்கல் இல்லை. மார்செயில் முனையம் நகரத்தின் வடக்கு ஓரத்தில், பழைய துறைமுகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, சரக்குக் கிடங்குகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே நடந்து வெளியேற நினைக்கவே கூடாது. ஷட்டில் பேருந்தையோ வாடகைக் காரையோ பிடித்துத்தான் ஆக வேண்டும்.

சிவிட்டாவெக்கியாவைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கப்பல் நிறுவனங்கள் ‘ரோம்’ என்று அச்சிடும் அந்தத் துறைமுகம் ரோமிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கப்பல் காலை 7 மணிக்கு அணைகிறது என்றால், அனுமதி கிடைத்து, இறங்குபாலத்து வரிசையைக் கடந்து நீங்கள் தரையில் கால் வைக்கும்போது 8 மணி ஆகிவிடும். துறைமுகத்துக்குள் ஓடும் பேருந்து உங்களை லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு இன்னொரு பேருந்து. 9 மணி வாக்கில் ரயில் கிடைத்தால் சான் பியேத்ரோ நிலையத்துக்கு ஏறத்தாழ 10 மணி, டெர்மினி நிலையத்துக்கு அதற்கும் மேல். மாலை 6.30க்குக் கப்பலுக்குள் இருக்க வேண்டுமென்றால், ஒரு ரயில் தவறினாலும் அடுத்ததில் வந்து சேரும்படி 3 மணிக்கே புறப்பட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. ஆக, ஒரு முழுப் பகலைச் செலவிட்டு ரோமில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் ஐந்து மணி நேரம். அதிலும் கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம், திரேவி நீரூற்று என்று மூன்றையும் அடுக்கிக் கொடுக்கும் சுற்றுலாக்களில் சென்றவர்கள், மாலையில் இறங்குபாலத்தில் ஏறி வரும் முகங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்தது எது, பேருந்து சன்னலில் கடந்துபோனது எது என்று அவர்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஆகவே என் கருத்து இதுதான்: கப்பலில் போகும்போது துறைமுகத்துக்கு அருகில் இருப்பதை நின்று நிதானமாகப் பாருங்கள். ரோம், ஃபுளோரன்ஸ் போன்ற உள்நாட்டு நகரங்களைத் தனிப் பயணத்துக்கு விட்டுவிடுங்கள். சிவிட்டாவெக்கியாவிலிருந்து கால் மணி நேர ரயில் பயணத்தில் தார்க்வீனியா என்ற ஊர் இருக்கிறது. ரோமானியர்களுக்கு முந்தைய எட்ருஸ்கர்களின் நிலத்தடிக் கல்லறைகளில், விருந்துண்பவர்களும் குழலூதுபவர்களும் மீன்பிடிப்பவர்களும் வண்ணம் மாறாமல் தீட்டப்பட்டிருக்கிறார்கள். 2004இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஒவ்வொரு கல்லறைக்கும் படி இறங்க வேண்டும் என்பதால் அப்பா ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். மகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

ரோமாபுரி ரசிகன் எழுதியது:

மாலுமி ஐயாவின் கணக்கில் பிழையில்லை, ஆனால் அவருடைய முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. எழுபது வயதைக் கடந்த பெற்றோரிடம் ‘ரோமுக்குத் தனியாக இன்னொரு முறை வரலாம்’ என்று சொல்வது எளிது; விசா, விமானச் செலவு, உடல்நிலை எல்லாம் மறுபடியும் கூடிவர வேண்டுமே. ஆறு கண்டங்களிலும் சொந்தபந்தம் உள்ளவர்கள் வேறு, வாழ்நாளில் ஒருமுறை ஐரோப்பா போகிறவர்கள் வேறு. அவர்களுக்கு ஐந்து மணி நேர ரோம் என்பது சிறிய செல்வம் அல்ல.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: ரோமில் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். சான் பியேத்ரோ நிலையத்தில் இறங்கினால் புனித பேதுரு சதுக்கம் பத்துப் பதினைந்து நிமிட நடை. பெர்னினி அமைத்த தூண் வரிசைகள் இரு பக்கமும் வளைந்து நிற்கும் அந்தச் சதுக்கத்தில் தரையில் பதித்த ஒரு வட்டக் கல் இருக்கிறது. அதன்மீது நின்று பார்த்தால் நான்கு வரிசைத் தூண்களும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து ஒரே வரிசையாகத் தெரியும். அப்பாவை அங்கே நிறுத்திக் காட்டுங்கள். பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். புதன்கிழமை காலையில் திருத்தந்தையின் (போப்பின்) பொதுச் சந்திப்பு நடக்கும் நாள்களில் நண்பகல் வரை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், உங்கள் கப்பல் எந்தக் கிழமையில் அங்கே அணைகிறது என்று முதலில் பாருங்கள். பேராலயத்தோடு நிறுத்திக்கொண்டு, அருகே ஓர் உணவகத்தில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் களைப்பும் வராது, மனக்குறையும் வராது.

பழைய மாலுமி எழுதியது:

ஒரே இடம் என்ற நிபந்தனையோடு என்றால் நானும் உடன்படுகிறேன், தம்பி. இந்த ஒரு துறைமுகத்துக்கு மட்டும் கப்பல் நிறுவனத்தின் பேருந்தில் செல்வது பெற்றோருக்கு நல்லது. வழிகாட்டி இல்லாமல், ரோமில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொள்ளும் வகைச் சீட்டு பல கப்பல்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அந்தப் பேருந்து நெரிசலில் சிக்கித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், காத்திருக்க முடியாத நிலை வந்தாலும் அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் பொறுப்பு அவர்களுடையது. நீங்களாக ரயிலில் போய்த் தாமதமானால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை.

விசா பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் துறைமுகங்கள் எல்லாமே ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே பொது விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் இருக்கின்றன. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நான்கு துறைமுகங்கள் இத்தாலியில் இருப்பதால், பார்சிலோனாவில் முன்பின் தங்கும் நாள்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இதே பகுதியில், ஷெங்கனுக்கு வெளியே துனிசியாவில் உள்ள துனிஸ் நகரத்தையும் தொட்டு வரும் கப்பல்கள் உண்டு. அவற்றில் செல்வோர் பலமுறை நுழையும் விசா பெற்றிருக்க வேண்டும்.

பாரிஸ் வேலவன் எழுதியது:

மார்செயைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். அங்கே இறங்கும் பயணிகளில் பலர் பேருந்தேறி அவிஞ்ஞோனுக்கோ எக்ஸ்-அன்-ப்ரொவான்சுக்கோ போய்விடுகிறார்கள். ஏறத்தாழ கி.மு. 600இல் கிரேக்கர்கள் நிறுவிய, பிரான்சின் மிகப் பழைய பெருநகரத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு வேறெங்கோ ஓடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஷட்டில் பேருந்தில் பழைய துறைமுகத்துக்கு வந்துவிட்டால், காலையில் மீனவர்கள் படகிலிருந்து இறக்கிய மீன்களை அங்கேயே விற்பதைக் காணலாம். அங்கிருந்து 60ஆம் எண் நகரப் பேருந்து நொத்ர-தாம் த லா கார்து பேராலயம் வரை குன்றேறுகிறது. பேருந்து விடும் இடத்திலிருந்தும் சில படிகள் உண்டு, அப்பா மெதுவாக ஏறட்டும். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள்: கூரையிலிருந்து கயிற்றில் சின்னஞ்சிறு கப்பல் மாதிரிகள் வரிசையாகத் தொங்கும். புயலிலிருந்து உயிர் தப்பிய மாலுமிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் செலுத்திய நேர்த்திக்கடன்கள் அவை. சுவர் முழுக்க நன்றி பொறித்த சலவைக்கல் பலகைகள். வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். ஊருக்கு வடக்கே ஜோலியத் என்ற துறைமுகப் பகுதியைக் கடந்துதான் நீங்கள் வருவீர்கள். சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கொழும்புக்கும் சைகோனுக்கும் போன பிரெஞ்சு அஞ்சல் கப்பல்கள் புறப்பட்ட இடம் அது. முதல் உலகப்போரில் பிரான்சின் போர்முனைக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்கள் 1914 செப்டம்பரில் முதன்முதலாகக் கரையிறங்கியதும் இந்த மார்செயில்தான்.

அகழாய்வு மாணவி எழுதியது:

அக்கா, நேப்பிள்ஸில் எதைப் பார்ப்பது என்று இதுவரை யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். எல்லோரும் பொம்பெயி என்றுதான் சொல்வார்கள். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய அந்த ஊரின் தெருக்களில், கருங்கற்களுக்கு நடுவே வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளங்களில் இன்றும் விரலை வைத்துப் பார்க்கலாம். தெருவைக் கடப்பதற்காக உயர்த்திப் போட்ட பெரிய கற்களுக்கு இடையே, வண்டிச் சக்கரம் நுழையும் அளவுக்குச் சரியாக இடைவெளி விட்டிருக்கிறார்கள். மழைநீரும் கழிவும் ஓடும் தெருவில் கால் நனையாமல் நடக்க அந்த ஊரார் செய்துகொண்ட ஏற்பாடு அது.

ஆனால் அந்தக் கற்கள்தான் உங்கள் அப்பாவுக்குத் தடை. பொம்பெயி 66 ஹெக்டேர் பரப்புள்ள நகரம். மூன்றில் இரண்டு பங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. நிழல் மிகக் குறைவு. ஆம்பிதியேட்டர் சதுக்கத்து வாயிலிலிருந்து சக்கர நாற்காலியும் செல்லும்படி மூன்று கிலோமீட்டருக்கு மேல் சீரான பாதை அமைத்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேரை மட்டுமே அனுமதிக்கிறார்கள், நுழைவுச்சீட்டில் பெயரும் இருக்கும். ஆகவே முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், ஏதாவது ஓர் அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள்.

என்னைக் கேட்டால், குடும்பத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். கணவரும் மகளும் கரிபால்டி நிலையத்திலிருந்து சிர்க்கும்வெசுவியானா ரயிலில் பொம்பெயி போகட்டும். முக்கால் மணி நேரத்துக்குள் வாயிலருகே இறங்கிவிடலாம். நீங்கள் பெற்றோருடன் துறைமுகத்து எதிரிலிருந்து மெட்ரோவில் மூசியோ நிலையம் வரை சென்று தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பொம்பெயியில் கிடைத்த சிறந்த பொருள்களெல்லாம் இங்கேதான் இருக்கின்றன. பேரரசன் அலெக்சாந்தர் பாரசீக மன்னன் தாரியஸை எதிர்கொள்ளும் புகழ்பெற்ற பதிகல் (மொசைக்) ஓவியம் ஒன்றுக்காகவே போகலாம். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

நான் அங்கே போனதற்குக் காரணம் வேறு. 1938இல் பொம்பெயியின் ஒரு வீட்டில், இந்தியாவில் செதுக்கப்பட்ட தந்தச் சிற்பம் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 25 செ.மீ. உயரம், நடுவில் அணிகலன்கள் பூண்ட ஒரு பெண், இருபுறமும் சிறிய பணிப்பெண்கள். முதலில் இலக்குமி என்றார்கள். இப்போது பலரும் யட்சி என்று கருதுகிறார்கள். கைகளில் அடுக்கிய வளைகளையும் தலையலங்காரத்தையும் கண்ணாடிக்கு அருகே குனிந்து பார்த்தபோது, அரிக்கமேட்டில் கிடைத்த இத்தாலிய மட்பாண்ட ஓடுகள்தான் நினைவுக்கு வந்தன. அங்கிருந்து இங்கே வந்ததும் இங்கிருந்து அங்கே போனதும் ஒரே காலத்துக் கடல் வணிகம். இந்தச் சிற்பம் இருக்கும் தனி அறையில் பாலியல் சார்ந்த ரோமானியக் கலைப்பொருள்களும் வைக்கப்பட்டுள்ளன. பெற்றோருடன் போகும்போது அதை முன்னரே அறிந்திருப்பது நல்லது.

சேலம் சுந்தரி எழுதியது:

ஒவ்வொருவரும் இவ்வளவு பொறுமையாக எழுதியிருப்பதைப் படித்து நெகிழ்ந்துபோனேன். அப்பாவிடம் சதுக்கத்தின் வட்டக் கல்லைப் பற்றிப் படித்துக் காட்டினேன். ரோமுக்குப் போவது அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. ரயிலில் போவதானால் இத்தாலியில் வேலைநிறுத்தங்கள் அடிக்கடி நடக்கும் என்கிறார்களே, அது உண்மையா? என் அம்மா முட்டையும் தொடமாட்டார். ஜெனோவாவில் அவருக்கு என்ன கிடைக்கும்?

கிள்ளான் கவிதா எழுதியது:

வேலைநிறுத்தம் உண்மைதான், ஆனால் பயப்பட வேண்டியதில்லை. சில நாள்களுக்கு முன்பே அறிவித்துவிடுவார்கள். வேலைநாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. கப்பல் பயணிக்குச் சிக்கல் என்னவென்றால், அந்த மாலை நேரம் நமக்குப் பயன்படாது. நாங்கள் ரோமில் இருந்த அன்று பிற்பகல் ரயில்கள் நின்றுவிட்டன. நிலையத்தில் எங்களைப் போலவே திகைத்து நின்ற வேறொரு குடும்பத்துடன் சேர்ந்து வாடகை வேன் பிடித்து, கடைசி நேரத்துக்குச் சற்று முன்னர்தான் துறைமுகத்தை அடைந்தோம்.

அதற்குப் பிறகு எங்கே இறங்கினாலும் ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். முந்தைய நாள் இரவு கப்பல் அறைக்கு வரும் செய்தித்தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும், கப்பலேற வேண்டிய கடைசி நேரமும் அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வீட்டில் உள்ள எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன். சில கப்பல்களில் நம் கடவுச்சீட்டுகளை வரவேற்பு மேசையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் நகலும் விசாப் பக்கத்தின் படமும் கையில் இருக்க வேண்டும். பொம்பெயி வாயிலில் பெயரைச் சரிபார்க்கும்போதும் அது உதவும்.

ஜெனோவாவில் அம்மாவுக்கு ஃபரினாத்தா வாங்கிக் கொடுங்கள். கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகிய நான்கையும் கலந்து, அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள். மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் நம்மூர் அடைக்கு உறவுபோல இருக்கும். ஃபொக்காச்சா ரொட்டியும் தெருவுக்குத் தெரு கிடைக்கும். பன்றிக் கொழுப்புச் சேர்க்காததுதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்க முடியாத அப்பாவுக்கு அந்த ஊரே ஒரு வரம்: போர்தெல்லோ சதுக்கத்திலிருந்து பழைய மின்தூக்கி ஒன்று அவரை நேராகக் காஸ்தெல்லெத்தோ மேட்டுக்கு ஏற்றிவிடும். பலகைக்கல் வேய்ந்த கூரைகளும், 1543இல் எழுப்பிய லான்தெர்னா கலங்கரை விளக்கமும், உங்கள் கப்பலும் ஒரே பார்வையில் தெரியும்.

பார்சிலோனா வாசி எழுதியது:

பார்சிலோனாவில் வசிப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். ஒரே காலையில் பல கப்பல்கள் ஆயிரக்கணக்கானவர்களை இறக்கிவிடும்போது, அவர்கள் எல்லோரும் ராம்பிளா தெருவிலும், கட்டடக் கலைஞர் கௌடி வடிவமைத்த சக்ராதா ஃபமிலியா பேராலயத்தின் வாசலிலுமே குவிகிறார்கள். இங்குள்ள மக்களின் எதிர்ப்பு வெறும் கோபம் அல்ல; வீட்டு வாடகையும் நெரிசலும் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையைத் தொடுகின்றன. ஏழு பயணியர் முனையங்களை 2030க்குள் ஐந்தாகக் குறைக்க நகராட்சியும் துறைமுக நிர்வாகமும் 2025இல் ஒப்புக்கொண்டன. வெனிஸில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் 2021 ஆகஸ்டிலிருந்து புனித மாற்கு சதுக்கத்தின் முன்னே செல்ல முடியாது.

உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு: கப்பலேறும் நாளுக்கு முன்பாகவே வந்து இரண்டு இரவாவது இங்கே தங்குங்கள். கௌடியின் பேராலயத்துக்கு நேரம் குறித்த சீட்டை இணையத்தில் வாங்கி, மாலை நேரமாகத் தேர்ந்தெடுங்கள். காலையில் கிழக்குச் சன்னல்கள் நீலமும் பச்சையுமாக ஒளிரும், மாலையில் மேற்குப் பக்கத்துச் செம்மஞ்சள் ஒளி தூண்களின்மேல் விழும். அந்த நேரத்தில் கப்பல் கூட்டமும் திரும்பிப் போயிருக்கும்.

சேலம் சுந்தரி எழுதியது:

எங்கள் முடிவுகளை எழுதிவிடுகிறேன். பார்சிலோனாவில் முன்னதாக இரண்டு இரவு தங்குகிறோம். மார்செயில் ஷட்டில் பேருந்தும் 60ஆம் எண் பேருந்தும். ஜெனோவாவில் மின்தூக்கியும் ஃபரினாத்தாவும். ரோமுக்கு மட்டும் கப்பல் நிறுவனத்தின் பேருந்து, பேராலயம் ஒன்றுதான். நேப்பிள்ஸில் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. அருங்காட்சியகத்துக்கு யார் போவது என்பதில்தான் இப்போது போட்டி. பலெர்மோ பற்றி மட்டும் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் கப்பல் அங்கே ஞாயிறு அன்று அணைகிறது.

பழைய மாலுமி எழுதியது:

பலெர்மோவில் நார்மன் அரண்மனைக்குள் இருக்கும் கப்பெல்லா பலத்தீனா என்ற சிற்றாலயத்தைப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ரோஜர் மன்னன் கட்டுவித்தது. சுவர்களில் பொன்னிழைத்த பைசாந்தியப் பதிகல் ஓவியங்கள், தலைக்குமேல் இஸ்லாமியக் கைவினைஞர்களின் மரவேலைக் கூரை. ஞாயிறு காலையில் வழிபாட்டுக்காகச் சில மணி நேரம் பார்வையாளர்களை விடமாட்டார்கள். ஞாயிறு பிற்பகலில் அரண்மனையும் மூடியிருக்கும். ஆகவே முதலில் பல்லரோ சந்தைத் தெருக்களைச் சுற்றிவிட்டு, வழிபாடு முடிந்ததும் நண்பகலுக்கு முன்பே அரண்மனைக்குச் செல்லுங்கள். துறைமுகத்திலிருந்து அரண்மனை வரை அப்பாவுக்கு வாடகைக் கார் பிடித்துவிடுங்கள். ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.